தானே இறங்கக்கூடிய கார்

என் தம்பி மால்கம் அறுபத்தேழாவது வயதில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போவதாக அறிவித்ததும் பிக்கரிங் ஊர் இரண்டாகப் பிளந்துபோனது. அவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றது ஒரு பாதி. எங்கோ ஒரு பெண் கிடைத்துவிட்டாள் என்றது மறு பாதி. நான் இரண்டு பாதிகளிலும் போய் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, நீங்கள் சொல்வதுதான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு இந்த ஊரில் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

நான் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவள். வடக்கு யார்க்ஷையரில் பாதிப் பேரை நான் ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். மீதிப் பாதி, கையில் அட்டையோடு நான் நடந்து வருவதைக் கண்ணாடியில் பார்த்ததுமே வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனவர்கள். அதனால்தான் கார் பார்க்கப் போகும் இடமெல்லாம் மால்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். விற்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்குப் பயம். ஊர்த் தண்ணீர் வாரியத்தில் முப்பத்தெட்டு வருடம் சாக்கடை அடைப்பு எடுத்தவன். குழாய்க்குள் இறங்கத் தயங்காதவன். ஆனால் முன்பின் தெரியாத மனிதரின் முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமென்றால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அவன் மனைவி கிளெனிஸ் இந்தக் காருக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அவள் அதைச் சொன்னபோது நான் அவர்கள் சமையலறையில்தான் இருந்தேன்.

"நான் வரேன் மால்கம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரேன். நீ எங்க போனாலும் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா நானே ஏறணும், நானே இறங்கணும். நாலு பேர் பாக்க, மூட்டையை இழுக்கற மாதிரி நீ என்னைப் பிடிச்சு இழுக்கக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கல்யாணம் ஆனதுலேருந்து வேற ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. மால்கமின் வாரக்கடைசிகள் எல்லாம் மீன்பிடிக்கவும் அடைப்பு எடுக்கவும் போயின. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கழிப்பறையில் எழுந்திருக்க முடியாமல் அவள் மணியை அடிக்க, இரண்டு பேர் வந்து, கதவைத் திறந்துபோட்டபடியே, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். எதிர்க் கட்டிலில் இருந்தவளைப் பார்க்க வந்த குடும்பம் மொத்தமும், சர்ச் பாதிரியார் உட்பட, அப்போது திராட்சைப் பழத்தோடு அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து கிளெனிஸ் யாரையும் தன் மேல் கை வைக்க விட்டதில்லை. நான் கோட்டு மாட்டிவிடப் போனால்கூட ஓரடி நகர்ந்துகொள்வாள்.

ஆக, எங்கள் வேலை சுலபமானது. விலை ஆறாயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது. வளைவில் வழுக்கக் கூடாது. கிளெனிஸ் தானே இறங்க வேண்டும்.

மால்கம் குளிர்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தான். சாப்பாட்டு மேசையில் துரு பற்றிப் பேசினான். துணிக்கூரையின் மழைத்தண்ணீர் எந்தத் துளை வழியாக இறங்கும், அது அடைத்தால் தரை விரிப்பு எப்படி ஊறும், டைமிங் பெல்ட்டை மாற்றாமல் விட்டால் இன்ஜின் எப்படிச் சிதறும் என்று அவன் விளக்கிய விளக்கத்தில் உருளைக்கிழங்கு ஆறிக் கல்லாகிவிடும். கிளெனிஸ் தலையாட்டிக்கொண்டே அவன் தட்டை எடுத்துப் போய்ச் சூடாக்கிக்கொண்டு வருவாள்.

முதலில் ஹல் நகரத்தில் ஒரு சிவப்புக் காரைப் பார்க்கப் போனோம். விற்றவன் பெயர் டேரன். "வண்டியை இப்பதான் ஸ்டார்ட் பண்ணப் போறேன்" என்றான். நான் பானட்டில் கை வைத்தேன். என் கையில் இருந்த மச்சம் ஒன்று கழன்று விழுந்தது, அவ்வளவு சூடு. குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது போடும் சத்தத்தை எங்களுக்குக் காட்டாமலிருக்க, காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். மால்கம் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தில் ஒட்டினான். காந்தம் கீழே விழுந்தது. வேறிடத்தில் ஒட்டினான். விழுந்தது. துருத் தின்ற ஓட்டையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தக் காரில் இரும்பு என்று இருந்தது சாவி மட்டும்தான்.

"காந்தம் மோசம் போலிருக்குங்க" என்றான் டேரன்.

"இருக்கலாம் தம்பி, இருக்கலாம்" என்றான் மால்கம். "காந்தம்தான் பழசு. மன்னிச்சுக்கோங்க."

திருடனிடம் மன்னிப்புக் கேட்கும் ஆள் என் தம்பி.

இரண்டாவது கார் யார்க் நகருக்கு வெளியே இருந்தது. வெள்ளி நிறம், நிலையான கூரை, நீளமான கதவு. ஒரு பள்ளி ஆசிரியையின் கார். நான்கு டயரும் ஒரே கம்பெனி. காரை மதிக்கிறவர்கள்தான் அப்படிப் போடுவார்கள். பழைய எஃப்.சி. விவரங்களையெல்லாம் மால்கம் போனில் தேடிப் பார்த்தான். ஒரு குறைகூட இல்லை. இருக்கை மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களைவிட ஒரு சாண் உயரம். கிளெனிஸ் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பிறகு கால்களை வெளியே வைத்து, கதவு விளிம்பைப் பிடித்து, எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"இது ஆகும்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னால், வேறு ஊர்களில் வாணவேடிக்கை விடுவார்கள் என்று அர்த்தம்.

மால்கம் காரைச் சுற்றி வந்தான். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. திங்கக்கிழமை போன் பண்றேங்க" என்று ஆசிரியையிடம் சொன்னான். திரும்பி வரும்போது, கிளெனிஸ் பின் சீட்டில் தூங்கிய பிறகு, என்னிடம் முணுமுணுத்தான்.

"ஜாய்ஸ், அதுல பின் சீட் இருக்கு."

"இருந்தா என்ன, உன்னைக் கடிச்சுதா?"

"பின் சீட் இருந்தா அது ஸ்போர்ட்ஸ் கார் இல்ல. குடும்பம்."

"டேய், அவளால இறங்க முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. அதைத்தான் வாங்கப் போறேன். நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தான். ஹெல்ம்ஸ்லி பக்கத்தில் ஒரு பச்சைக் கார் இருக்கிறதாம். சும்மா பார்த்துவிட்டு வரலாமாம். கிளெனிஸ் சர்ச்சில் பூ அலங்காரம் செய்யப் போயிருக்கிறாளாம், அவளைத் தொந்தரவு செய்வானேன் என்றான். அந்த "சும்மா"வைக் கேட்டதுமே நான் அவனை ஃபெயில் ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் வேடிக்கை யாரை விட்டது? கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கார் மிஸஸ் பிக்கர்ஸ்கில் என்ற விதவையுடையது. கணவர் போன வருடம் இறந்துவிட்டார், கார் அவருடையது. வாசலில் எங்களைப் பார்த்ததுமே அந்த அம்மா, "வாங்க, வாங்க, முதல்ல டீ சாப்பிடுங்க" என்றாள். நான் மால்கமின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் டீக்கு ஒரு சட்டம் உண்டு. பார்லிமென்ட் போட்ட சட்டத்தைவிடக் கெட்டியானது. விற்கிறவர் வீட்டில் ஒரு கப் குடித்தால் பேரம் பேசலாம். இரண்டாவது கப் குடித்தால் பேரம் பேசக் கூடாது. அவர் கையால் சுட்ட கேக்கைத் தின்றுவிட்டால் அந்தப் பொருள் உன்னுடையது. இனி சாகும்வரை நீதான் அதற்குப் பெட்ரோல் போட வேண்டும்.

மேசையில் நல்ல பீங்கான். நடுவில் எலுமிச்சை கேக். அது இருந்த உயரத்துக்கு அதன் உச்சியில் பனி பெய்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

"நிறையப் பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அவள், கத்தியை எடுத்துக்கொண்டே. "எல்லாரும் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் உக்காந்தீங்க. என் வீட்டுக்காரர் ஹ்யூபர்ட் இருந்திருந்தா உங்களை அவருக்குப் பிடிச்சிருக்கும்."

மேசைக்குக் கீழே மால்கமின் கணுக்காலில் உதைத்தேன். அவன் "நன்றிங்க" என்று சொல்லித் தட்டை நீட்டினான். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. என் உதை ஒவ்வொன்றும் அவன் காலில் பட்டது, நாக்கை எட்டவில்லை.

பிறகு கொட்டகையைத் திறந்தாள். உள்ளே இருந்தது இரண்டே இருக்கைகளோடு, துணிக்கூரையோடு, பாட்டில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன வண்டி. உயரமென்று பார்த்தால் என் முழங்காலுக்கு வந்தது. மிகைப்படுத்துகிறேன், தொடைக்கு வந்தது. மால்கம் குனிந்து தரை விரிப்பைத் தொட்டான். அவன் விரல்கள் நனைந்தன. கூரைத் தண்ணீர்த் துளை அடைத்துக்கொண்டு, உள்ளே குளமே கட்டியிருந்தது. ஊர் முழுக்க அடைப்பு எடுத்தவனுக்கு அது தெரியாதா?

"கொஞ்சம் ஈரமா இருக்கு" என்றான். மிஸஸ் பிக்கர்ஸ்கில்லின் முகம் தொங்கியது. உடனே, "ஈரம் நல்லதுதாங்க. தோலுக்கு நல்லது" என்று முடித்தான்.

அதோடு நின்றிருந்தால் அவனை எப்படியாவது இழுத்து வந்திருப்பேன். அந்த அம்மா சாவியை நீட்டிவிட்டாள். கூரையைத் திறந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மலைமேட்டுச் சாலையில் அவன் அந்த வண்டியை எடுத்தான். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, வளைவில் இறுக்கமாகப் பிடித்து, வெளியே வரும்போது விட்டான். வண்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவன் கை போன பக்கம் போனது. தேர்வில் எத்தனையோ ஆயிரம் பேர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் முகம் அப்படி மலர்ந்து பார்த்ததில்லை. என் தம்பிக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைப் புதராய் நின்றிருந்த ஆடுகள்கூட அவனைத் திரும்பிப் பார்த்தன.

நிறுத்தியதும் சொன்னேன். "டேய், கிளெனிஸ்."

"கேக்கைத் தின்னுட்டேன், ஜாய்ஸ்."

"அது தெரியும். கிளெனிஸ் இதுலேருந்து எப்படி இறங்குவா?"

அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தான். "அவ புரிஞ்சுக்குவா. அந்தம்மா பாவம், தனியா இருக்கு. நான் என்ன பண்றது சொல்லு?"

அந்த அம்மாவுக்காக வாங்கினானா, அந்த வளைவுக்காக வாங்கினானா என்பதைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும். கடவுளும் கேக் தின்றிருந்தால் அவர் வாயிலிருந்தும் பதில் வராது.

மாலையில் பச்சைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. கிளெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள். கீழே பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். பிறகு, "ரொம்ப அழகா இருக்கு மால்கம்" என்றாள்.

"பாத்தியா ஜாய்ஸ்?" என்றான் அவன், அத்தனை நிம்மதியோடு. "அவளுக்குப் பிடிச்சிருக்கு!"

அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கிளெனிஸுக்குத் தலைவலி வந்தது. அடுப்பில் மாட்டிறைச்சி இருந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். ஜாம் கிளற வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அந்தக் கோடையில் கிளெனிஸ் கிளறிய ஜாமை வைத்து ஒரு சாலையே போட்டிருக்கலாம். மால்கம் தனியாகப் போய்விட்டு, காற்றில் முகம் காய்ந்து, பூச்சி ஒட்டிய பல்லோடு திரும்பி வருவான். தண்ணீர்த் துளையைச் சுத்தம் செய்தான், விரிப்பைக் காயவைத்தான், மெழுகு பூசினான். அவளிடம் ஒருமுறைகூட "ஏன் வரலை?" என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே.

ஆகஸ்டில் திறந்த கூரைக் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒரு மதிய விருந்து ஏற்பாடு செய்தது. மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் 'மூன்று வானம்பாடி' என்ற பப்பில். எல்லோரும் ஜோடியாக வருவார்கள். மால்கம் சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரே ஒரு தடவை, கிளெனிஸ். என் பக்கத்து சீட் காலியா இருக்கறது எனக்கு நல்லா இல்ல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சரி கண்ணு" என்றாள்.

அந்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது காரேஜிலிருந்து ஏதோ முனகல் கேட்டது. மால்கம் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். எட்டிப் பார்த்தால், கிளெனிஸ் அந்தக் காரில் உட்கார்ந்து, ஸ்பானர் வைக்கும் மேசையின் காலைப் பிடித்து எழுந்திருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இருக்கையில் ஒரு தலையணை. நெற்றியெல்லாம் வேர்வை.

"உதவட்டுமா?"

"அங்கயே நில்லு, ஜாய்ஸ்."

நின்றேன். அவள் பல்லைக் கடித்து, மேசையைப் பிடித்து, சிறிது சிறிதாக மேலே வந்து, நின்றுவிட்டாள். பரீட்சையில் பாஸானவளைப் போல மூச்சு வாங்கினாள்.

"வந்துட்டேன் பாத்தியா?" என்றாள். "மால்கம்கிட்ட சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் போக, நான் என் சின்னக் காரில் பின்னால் போனேன். கிளெனிஸ் நீலத் துணியைத் தலையில் கட்டியிருந்தாள். மலைமேட்டில் ஏறியதும் அந்தத் துணி அவிழ்ந்து பறந்தது. அவள் அதைப் பிடிக்கக் கை நீட்டி, பிடிக்க முடியாமல், உரக்கச் சிரித்தது என் காரின் கண்ணாடிகளையெல்லாம் தாண்டி எனக்குக் கேட்டது. அவள் அவன் தோளில் அடித்து ஏதோ கத்தினாள். அவன் இன்னும் வேகமாகப் போனான். நடுரோட்டில் கிடந்த துணியை நான் இறங்கி எடுத்துக்கொண்டேன். ஐயோ, அந்த இருபது மைல் மட்டும் அவர்கள் வாழ்க்கையாக இருந்திருக்கக் கூடாதா!

பப்பின் வண்டி நிறுத்தத்தில் சங்கத் தலைவர் ரஸல் கையில் கொடியோடு நின்றார். புகைப்படம் எடுக்க வசதியாகக் கார்களை ஒட்டி ஒட்டி நிறுத்தச் சொன்னார். மால்கமின் கார் சுவரோரம். கிளெனிஸின் பக்கக் கதவு பாதிதான் திறந்தது. மால்கம் குதித்து இறங்கி, யாருடைய இன்ஜினையோ பார்க்க ஓடிவிட்டான்.

அவள் கால்களை வெளியே வைத்தாள். பிடிக்க மேசை இல்லை. சுவர் வழுவழுவென்றிருந்தது. ஒருமுறை முயன்றாள், உட்கார்ந்துவிட்டாள். மறுமுறை முயன்றாள். அங்கே முப்பது பேர் நின்றார்கள். அந்த முப்பது பேரும் அந்தக் கணமே வானத்தில் ஏதோ அதிசயம் தெரிந்ததைப் போல மேகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். "மழை வருமா?" "வராதுன்னு நினைக்கறேன்." "வந்தாலும் வரும்." ஒருத்தி சங்கடப்படும்போது அதைப் பார்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் கொலைக்குச் சமம். ஒருவர் கை கொடுத்தால், பார்த்தோம் என்று ஆகிவிடும்.

நான் ஓடினேன். கிளெனிஸ் மெதுவான குரலில் சொன்னாள்: "தொட்டேன்னா கத்துவேன், ஜாய்ஸ். அப்புறம் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேப்பேன்."

மால்கம் கை தட்டிக்கொண்டு வந்தான். "வா கிளெனிஸ், சாப்பாடு போடறாங்க!"

"நீ போ கண்ணு. நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன். இங்க காட்சி நல்லா இருக்கு."

அவள் முன்னால் இருந்தது சுவர். மால்கம் அந்தச் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ வந்து போனதை நான் பார்த்தேன்; சத்தியமாகப் பார்த்தேன். பிறகு, "சரி, உனக்கு எப்படி வசதியோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான் ஒரு தட்டில் இறைச்சியும் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தேன். காலையிலேயே நிறையச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். நீலத் துணியைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தூறல் விழ ஆரம்பித்தது. கூரையை மூடச் சொன்னேன். "மூடினா இன்னும் கஷ்டம்" என்றாள். அப்போதுதான் புரிந்தது, அவள் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறாள்.

உள்ளே போய் மால்கமின் காதில் சொன்னேன். "உன் பொண்டாட்டியால இறங்க முடியலடா. மழையில நனையறா."

"நல்லா இருக்கேன்னுதானே சொன்னா?"

"அவ சாகற அன்னிக்கும் அதைத்தான் சொல்லுவா. எழுந்து போ."

அவன் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்குப் போனான். வெளியே கிளெனிஸ் அவனைப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. கையை உயர்த்தி அசைத்தாள். அவனும் அசைத்தான்.

"பாரு, கை காட்டறா" என்றான். திரும்பி வந்து உட்கார்ந்து, ரஸலிடம் கிளச் பற்றிப் பேசத் தொடங்கினான். அவன் காது மடல் சிவந்திருந்தது. குரல் தேவையைவிட உரக்க இருந்தது.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கிளெனிஸ் முதலில் கைப்பையை வெளியே எறிந்தாள். பிறகு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஈரச் சரளைக்கல்லில் கைகளை ஊன்றி, முழங்காலில் விழுந்தாள். சுவரோரமாகக் கார் முடியும் இடம்வரை நாலுகாலில் போனாள். சுவரையும் காரின் பின்பக்கத்தையும் பிடித்து எழுந்து நின்றாள். என் முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கூடம் நிசப்தமானது. பிறகு முப்பது பேரும் ஒரே நேரத்தில் குழம்பைப் புகழ ஆரம்பித்தார்கள். அந்தக் குழம்பு அப்படியொரு புகழைப் பெறும் என்று அதைக் காய்ச்சியவரே நம்பியிருக்க மாட்டார். மால்கம் தலையைத் தூக்கவில்லை.

அவள் முழங்காலைத் துடைத்துக்கொண்டு சாலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் பஸ் வருவது வால்நட்சத்திரம் வருவதைப் போல. அன்றைக்கு அந்தப் பஸ் அவளுக்காகவே ஒளிந்திருந்தது போல உடனே வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த மால்கம் காலி இருக்கையைப் பார்த்தான். "கைகழுவப் போயிருப்பா" என்றான். நான் பஸ் போன பக்கம் கையைக் காட்டினேன். அவன் மெழுகு துடைக்கும் துணியை எடுத்து, அந்த இருக்கையில் நின்ற தண்ணீரைத் துடைத்தான்.

மாலையில் வீட்டில் கிளெனிஸ் அடுப்படியில் நின்றிருந்தாள். காலுறை மாற்றியிருந்தாள். "விருந்து நல்லா இருந்துதா?" என்று கேட்டாள். "நல்லா இருந்துது" என்றான். "சந்தோஷம்" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

அதோடு முடிந்தது. சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கிளெனிஸ் அவன் ஓட்டும் எந்தக் காரிலும் ஏறவில்லை. வீட்டில் இருக்கும் பழைய, உயரமான, பாட்டியம்மாக்கள் ஏறும் காரில்கூட ஏறவில்லை. கடைக்குப் பஸ், சர்ச்சுக்குப் பஸ், விட்பியில் மீன் வாங்கப் பஸ். முதியோர் பாஸ் இருக்கிறது, இலவசம்தானே என்பாள். "அவளுக்குப் பஸ் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று மால்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். செப்டம்பரில் ஒருநாள் "காரை வித்துடட்டுமா?" என்று அவளிடம் கேட்டான். "எதுக்கு? உனக்குத்தான் பிடிச்சிருக்கே" என்றாள். அந்த வெள்ளிக் காரை ஆசிரியை எப்போதோ விற்றுவிட்டாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து இருக்கைக்கு நான்தான். எனக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது. தபால் பெட்டியில் கடிதம் போடுவது போல உள்ளே விழுந்துவிடுவேன். அக்டோபரில் ஒரு நாள், மலைமேட்டை விட்டு இறங்கும் வளைவுகளில் எங்களுக்கு முன்னால் விட்பியிலிருந்து வரும் பஸ் போய்க்கொண்டிருந்தது. முந்த இடமில்லை. அவ்வளவு பெரிய இன்ஜினும் மெழுகும் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் புகையைக் குடித்தபடி ஊர்ந்தோம். பின் கண்ணாடியில் கிளெனிஸின் தலை தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மால்கம் விளக்கை மின்ன வைத்தான். நாங்கள் இருந்த தாழ்வுக்கு அவள் கண்ணில் பட்டிருக்க மாட்டோம்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஓட்டுநர் ஏதோ பொத்தானை அழுத்த, காற்று சீறி, அந்தப் பெரிய வண்டி நடைபாதைப் பக்கமாக மெல்லத் தாழ்ந்தது. கிளெனிஸ் கம்பியைப் பிடித்து, ஒரு கால் வைத்து, மறுகால் வைத்து, இறங்கினாள். ஓட்டுநருக்கு நன்றி சொன்னாள்.

"அது மண்டி போடுது, ஜாய்ஸ்" என்றான் மால்கம்.

பஸ் நிமிர்ந்து கிளம்பியது. அவன் காரை நகர்த்தவில்லை. கிளெனிஸ் நடைபாதையில் எங்களை நோக்கி வந்தாள். கார் பக்கத்தில் வந்ததும் எங்களைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது.

"ஏறிக்கறியா?" என்றான் அவன். "ஜாய்ஸ் நடந்து வந்துடுவா. நான்… நான் மெதுவா நிறுத்தறேன். கை குடுக்க மாட்டேன். நீ எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கோ."

"வேணாம் கண்ணு. நடந்தே போயிடறேன்" என்றாள் கிளெனிஸ். "மழை வரும் போலிருக்கு. கூரையை மூடிக்கோங்க."

போய்விட்டாள். அவள் திருப்பத்தில் மறையும்வரை மால்கம் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எங்கள் பக்கத்து மனிதர்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.